ஃபிளமெங்கோவும் பாப் இசையும்: கைத்தட்டிலிருந்து தொடங்குவோம்

நைலான் கம்பி கிட்டாரில் யாராவது நாலு ஸ்வரத்தை வேகமாக உருட்டிவிட்டால் போதும், "ஆகா, ஸ்பெயினின் ஃபிளமெங்கோ!" என்று சொல்லிவிடுகிறோம். 2017-ல் உலகமே முணுமுணுத்த 'டெஸ்பாசிட்டோ' பாட்டின் தொடக்க இசையைக் கேட்டுவிட்டு என் நண்பர்கள் சிலரும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே ஒலிப்பது போர்ட்டோ ரிக்கோ தீவின் 'குவாட்ரோ' என்ற கம்பி வாத்தியம். அந்தப் பாட்டை ஃபிளமெங்கோ என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு பக்கம், ஃபிளமெங்கோ நிஜமாகவே உள்ளே இருக்கிற பாட்டுகளைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். 1990-களில் உலகம் முழுக்க ஆடிய 'மக்கரேனா', முதலில் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பக்கத்து இருவர் பாடிய, 'ரும்பா' என்ற ஃபிளமெங்கோ வகைப் பாட்டு. 1995-ல் பிரையன் ஆடம்ஸ் பாடிய 'ஹேவ் யூ எவர் ரியலி லவ்ட் எ வுமன்?' பாட்டில் கிட்டார் வாசித்தவர் பாகோ தெ லூசியா. ஃபிளமெங்கோ கிட்டாரில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது.

எது உறவு, எது வெறும் சாயல் என்று பிரித்துக் கேட்க இசைப் பயிற்சி தேவையில்லை. இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

## பாட்டுதான் தாய்

ஃபிளமெங்கோ என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது நடனம்: அடுக்கடுக்கான பாவாடை, காதோரம் பூ, விரலில் 'காஸ்டனெட்' சிப்ளாக்கட்டை. இதில் அந்தச் சிப்ளாக்கட்டை, பெரும்பாலும் ஸ்பெயினின் மற்ற நாட்டுப்புற, மேடை நடனங்களுக்கு உரியது. ஃபிளமெங்கோவுக்கு அது அவசியமே இல்லை.

ஃபிளமெங்கோவின் மையம் பாட்டு. ஸ்பானியத்தில் அதைக் 'காந்தே' என்கிறார்கள். பழைய பாணிகள் சிலவற்றில் கிட்டாரே கிடையாது. தனிக் குரல் மட்டும்தான். அந்தக் குரல் இனிமைக்காகப் பாடப்படுவதும் இல்லை. நம் ஊர் ஒப்பாரியில் ஒரு கட்டத்தில் குரல் உடைந்து கரகரக்குமே, அந்த இடத்திலிருந்துதான் 'சிகிரியா' போன்ற பாடல் வகைகள் தொடங்குகின்றன. முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இது சங்கடமாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது.

இது பிறந்த இடம் ஸ்பெயினின் தென்கோடியான அந்தலூசியா. செவில், ஹெரெஸ், காதிஸ் ஆகிய ஊர்களும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதியும்தான் தொட்டில். வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் 'ஹிதானோ' மக்கள், அதாவது ஸ்பெயினில் வாழும் ரோமா இனத்தவர். அவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது மொழி ஆய்வால் உறுதியான செய்தி. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தார்கள். இதை வைத்துக்கொண்டு "ஃபிளமெங்கோ இந்தியாவிலிருந்து போன கலை" என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஐரோப்பா முழுக்க ரோமா மக்கள் இருக்கிறார்கள். ஹங்கேரியிலோ ருமேனியாவிலோ அவர்கள் ஃபிளமெங்கோ பாடவில்லை. அந்தலூசியாவின் நாட்டுப் பாடல், அரபு ஆட்சிக்கால இசையின் மிச்சம், ஆப்பிரிக்க அடிமைகளின் தாளம், கடல் கடந்து வந்த பாட்டு எல்லாம் ஹிதானோ குடும்பங்களின் வீட்டிலும் பட்டறையிலும் கலந்த பிறகே இது உருவானது. துரத்தலும் தண்டனைச் சட்டங்களுமாகப் பல தலைமுறை கழித்த மக்கள் அங்கேயே நின்று படைத்ததை, நாம் சொந்தம் கொண்டாடக் கூடாது.

## தகிட தகிட தக தக தக

இப்போது கையை எடுங்கள்.

ஃபிளமெங்கோவில் 'கொம்பாஸ்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். சுற்றிச் சுற்றி வரும் தாள வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை எண்ணிக்கை, அதில் எங்கெங்கே அழுத்தம் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் கொம்பாஸ். கும்மி அடிக்கிற பெண்களைப் பாருங்கள். ஒருவர் தட்டுத் தவறினால் வட்டமே கலைந்துவிடும். ஃபிளமெங்கோக்காரர்களுக்கும் அப்படித்தான். குரல் கொஞ்சம் பிசிறினால் மன்னிப்பார்கள். கொம்பாஸை விட்டு விழுந்தவருக்கு மன்னிப்பு கிடையாது.

பெயர்பெற்ற கொம்பாஸ் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது. நமக்கு இது சுலபம். இந்தச் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கைதட்டுங்கள்:

தகிட – தகிட – தக – தக – தக

மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. நிறுத்தாமல் பத்து முறை சுற்றுங்கள். முதல் பாதி ஊஞ்சல் மாதிரி ஆடும், இரண்டாம் பாதி நேராக நடக்கும். இதையே விரைவாகச் சொன்னால் 'புலேரியா' வகையின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. இதே பன்னிரண்டை வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்கி, மெதுவாக, கனமாகப் போட்டால் 'சொலெயா'. இப்படித் தாளமும் மனநிலையும் மெட்டின் போக்கும் சேர்ந்து அமைகிற ஒவ்வொரு பாடல் வகைக்கும் 'பாலோ' என்று பெயர். புலேரியா ஒரு பாலோ, சொலெயா ஒரு பாலோ.

கைத்தட்டு இங்கே ரசிகரின் பாராட்டு இல்லை. அது ஒரு வாத்தியம். 'பால்மாஸ்' என்பார்கள். உள்ளங்கையில் விரலால் அடித்தால் பளீரென்ற ஓசை; இரு கைகளையும் குழித்து அடித்தால் அமுங்கிய ஓசை. ஒருவர் அழுத்தத்தில் தட்ட, இன்னொருவர் அதன் இடைவெளியில் தட்டுவார். இரண்டு பேர் தட்டும்போது நாலு பேர் தட்டுவதுபோலக் கேட்கும். பால்மாஸ் போடுவதற்கென்றே மேடையேறும் தொழில்முறைக் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததில் மூன்று சொற்களை நினைவில் வைத்தால் போதும். காந்தே என்பது பாட்டு. கொம்பாஸ் என்பது அழுத்தங்களுடன் சுற்றும் தாள வட்டம். பால்மாஸ் என்பது அந்த வட்டத்தைத் தாங்கும் கைத்தட்டு. கிட்டாரை இன்னும் நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

## 'ஸ்பானிய வாடை' எங்கிருந்து வருகிறது?

தாளம் தெரியாதவர்கூட ஒரு மெட்டைக் கேட்டு "ஏதோ ஸ்பெயின் பாட்டு மாதிரி இருக்கே" என்கிறார். அதற்குக் காரணம் நான்கு கார்டுகள் படிப்படியாக இறங்கும் ஒரு வரிசை: ஏ மைனர், ஜி, எஃப், ஈ. கார்டு என்றால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். இந்த வரிசைக்கு 'அந்தலூசிய இறக்கம்' என்று பெயர்.

இறங்கி வந்து ஈ-யில் நின்றதும் பாப் இசைக்குப் பழகிய காதுக்கு ஏதோ பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். மறுபடி ஏ மைனருக்குப் போகச் சொல்லிப் பிடித்து இழுக்கும். ஃபிளமெங்கோ காதுக்கு அந்த ஈ-தான் வீடு. வந்து சேர்ந்தாயிற்று, பாட்டு முடிந்தது. ஒரே நான்கு கார்டுகள்தான். வாசற்படி என்று ஒருவர் நினைக்கும் இடத்தை மற்றவர் முற்றம் என்கிறார்.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் இன்னொரு விதமாகவும் பிடிக்கலாம். ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளமெங்கோவின் ஸ்வரங்கள் தோடிக்கும் வகுளாபரணத்துக்கும் நடுவே ஊசலாடும். சுத்த ரிஷபம் நிலையாக இருக்கும். காந்தாரம் மட்டும் சிலசமயம் சாதாரணம், சிலசமயம் அந்தரம். ஸ்வரங்கள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் கிடையாது. கமகமும் இல்லை, ராக இலக்கணமும் இல்லை.

இந்த இறக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1961-ல் ரே சார்ல்ஸ் பாடிப் புகழ்பெற்ற 'ஹிட் த ரோட் ஜாக்' முழுக்க முழுக்க இந்த நான்கு கார்டுகளின் சுழற்சிதான். அதில் ஃபிளமெங்கோவின் குரலும் இல்லை, கொம்பாஸும் இல்லை. கார்டுகளை மட்டும் வைத்து ஒரு பாட்டை ஃபிளமெங்கோ என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

## பாப்புக்குத் திறந்த கதவு

பாப் பாட்டு பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஆடுபவர் யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டு எண்ணிக்கைப் புலேரியாவை அதில் பொருத்துவது கடினம். ஃபிளமெங்கோவிலும் நாலு எண்ணிக்கை பாலோக்கள் உண்டு. 'தாங்கோஸ்' ஒன்று (அர்ஜென்டினாவின் டாங்கோ நடனத்தோடு இதைக் குழப்ப வேண்டாம்), 'ரும்பா' இன்னொன்று. உலகம் அறிந்த ஃபிளமெங்கோ-பாப் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஏன் ரும்பாவாகவே இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ரும்பாவே கியூபாவிலிருந்து வந்ததுதான். ஹவானாவுக்கும் காதிஸுக்கும் இடையே கப்பல்கள் போய்வந்த காலத்தில் மாலுமிகளோடும் வணிகர்களோடும் தாளங்களும் கடல் கடந்தன. இப்படிப் போய்த் திரும்பிய பாடல்களை 'போய்த் திரும்பி வந்த பாட்டுகள்' என்ற பொருளில் ஃபிளமெங்கோக்காரர்களே அழைக்கிறார்கள்.

பார்சலோனா பக்கத்து ஹிதானோ கலைஞர்கள் ரும்பாவை இன்னும் எளிமையாக்கினார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் பெரெத். கம்பிகளை மீட்டிக்கொண்டே அதே கையால் கிட்டாரின் மரப் பலகையைத் தட்டுகிற வாசிப்பு அவர் கையில் புகழ்பெற்றது. கை சுழலும் விதத்தைப் பார்த்து அதற்கு 'மின்விசிறி' என்றே பெயர் வந்தது. ஒரே கிட்டாரில் சுருதியும் தாளமும் கிடைத்துவிடுவதால் தாளக் கலைஞர் இல்லாமலே கொண்டாட்டம் களைகட்டும். 1974-ல் ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஸ்பெயினுக்காகப் பாடியவரும் பெரெத்தான்.

ஜிப்சி கிங்ஸ் இசைக்குழுவை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ஸ்பெயின் நாட்டவர் என்று பலர் நினைக்கிறார்கள். தெற்கு பிரான்ஸின் ஆர்ல், மோன்பெலியே ஊர்களைச் சேர்ந்த ஹிதானோ குடும்பத்தினர் அவர்கள். 1987-ல் வந்த அவர்களுடைய 'பம்போலேயோ' ரும்பா தாளத்தில் ஓடுகிறது. அதன் ஒரு பகுதி வெனிசுலாவின் சிமோன் தியாஸ் எழுதிய பாட்டிலிருந்து வந்தது. பிரான்ஸில் பிறந்து, ஸ்பானிய மொழி பேசி, கியூபத் தாளத்தில் வெனிசுலா மெட்டைச் சுமந்த பாட்டைத்தான் உலகம் 'ஃபிளமெங்கோ' என்று கற்றுக்கொண்டது! அது கெட்ட பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு பெரிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீட்டையே பார்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மக்கரேனாவின் கதையும் இதை ஒட்டியதே. 'லோஸ் தெல் ரியோ' என்ற அந்த இருவர் 1993-ல் பாடியது கிட்டாரும் கைத்தட்டும் கொண்ட ரும்பா. மியாமியில் அதை மறு கலவை செய்து, ஆங்கில வரிகளும் நடன அரங்கத் தாளமும் சேர்த்த பிறகுதான் 1996-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. மூலப் பாட்டையும் மறு கலவையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பால்மாஸ் எந்த இடத்தில் கரைந்து போகிறது என்று காது தானாகவே கண்டுபிடிக்கும். 2002-ல் 'அசெரெஹே' பாடிய 'லாஸ் கெட்சப்' சகோதரிகளும் கோர்தோபா ஊரின் ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் ஒருவரின் மகள்கள். அப்பாவின் பட்டப் பெயர் 'தக்காளி'. கெட்சப் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

சுருக்கமாக: பன்னிரண்டு எண்ணிக்கை ஃபிளமெங்கோவின் உள்வீடு, நாலு எண்ணிக்கை அதன் வாசல். பாப் இசை பெரும்பாலும் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தது.

## உள்ளேயிருந்து வெளியே வந்தவர்கள்

இதுவரை சொன்னதில் பாப் இசை ஃபிளமெங்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம். எதிர்த் திசையில் போன பயணம் எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிகிறது.

பாகோ தெ லூசியா 1947-ல் அல்ஹெசீராஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 1973-ல் அவர் வாசித்த 'என்த்ரே தோஸ் அகுவாஸ்' என்ற ரும்பா ஸ்பெயினின் பாப் பட்டியலில் ஏறியது. பாடகர் இல்லை, கிட்டாரோடு போங்கோ மேளமும் பேஸ் கிட்டாரும் மட்டுமே. பிறகு ஜான் மெக்லாஃப்லின், ஆல் தி மியோலா ஆகிய கிட்டார் கலைஞர்களோடு அவர் 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்த கச்சேரியின் ஒலிப்பதிவு, கிட்டார் கற்கும் இளைஞர்களின் கையில் இன்றும் சுற்றுகிறது.

அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1970-களின் கடைசியில் பெரு நாட்டுக்குப் போனபோது, அங்கே ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் மேலே உட்கார்ந்து தட்டுகிற ஒரு மரப்பெட்டியைப் பார்த்தார். பெயர் 'கஹோன்'. ஸ்பெயினுக்கு எடுத்துவந்தார். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பதே அரிது. அது காலகாலமாக ஸ்பெயினில் இருந்த வாத்தியம் என்று நினைக்கிறோம். அங்கே அதற்கு ஏறக்குறைய ஐம்பது வயதுதான்!

பாகோவின் உற்ற துணையாக இருந்த பாடகர் கமரோன் தெ லா இஸ்லா. 1950-ல் காதிஸ் பக்கத்து சான் ஃபெர்னாந்தோ ஊரில், ஹிதானோ கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் சேர்ந்து கொடுத்த இசைத்தட்டுகளால் ஹிதானோ மக்களின் வீடுகளில் அவர் ஏறக்குறைய கடவுளாகியிருந்தார். அப்படிப்பட்டவர் 1979-ல் 'லா லெயெந்தா தெல் தியெம்போ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். மின்சார பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, ஓரிடத்தில் சிதார்கூட. பல பாடல்களில் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் வரிகள். வாங்கியவர்களில் சிலர் "இது எங்கள் கமரோன் இல்லை" என்று கடையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். விற்பனை படுத்துவிட்டது.

அந்த இசைத்தட்டைத்தான் இன்று நவீன ஃபிளமெங்கோவின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். நான் கேட்டபோது என்னை உலுக்கியது ஒன்றுதான்: சுற்றிலும் மின்சார வாத்தியங்கள் முழங்கினாலும் அந்தக் குரல் ஓரிடத்திலும் பாப் பாடகரின் குரலாக மாறுவதில்லை. உடையும் இடத்தில் உடைகிறது, கொம்பாஸை விடாமல் உடைகிறது. 1992-ல், 41 வயதில் அவர் இறந்தபோது சான் ஃபெர்னாந்தோவின் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது.

"தூய்மை கெட்டுவிட்டது" என்ற கவலை அன்று புதிதாகப் பிறந்ததும் இல்லை. 1922-லேயே இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயாவும் இளைஞர் லோர்காவும் கிரனாதா நகரில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினார்கள். கேளிக்கை விடுதிகளிலும் வணிக மேடைகளிலும் ஃபிளமெங்கோ சீரழிந்துவிட்டது, பழைய ஆழமான பாட்டைக் காக்க வேண்டும் என்பது அவர்களின் கவலை. காசு கொடுத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முன்னால் 19-ஆம் நூற்றாண்டின் பாட்டு விடுதிகளில் பாடித்தான் ஃபிளமெங்கோ இன்றைய உருவத்தைப் பெற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

## ரொசாலியாவை எப்படிக் கேட்பது?

இன்று இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் ஸ்பெயினின் பாப் பாடகி ரொசாலியாவில் வந்து நிற்கும். பார்சலோனா பக்கத்தில் வளர்ந்தவர். அந்தலூசியரும் இல்லை, ஹிதானோவும் இல்லை. பதின்ம வயதில் கமரோனின் குரலைக் கேட்டு மயங்கி, பல ஆண்டுகள் ஆசிரியரிடம் காந்தே கற்று, இசைக் கல்லூரியிலும் அதையே படித்தவர். 2017-ல் வந்த முதல் இசைத்தொகுப்பு ஏறக்குறைய குரலும் ஒற்றைக் கிட்டாரும் மட்டுமே. 2018-ல் வந்த 'எல் மால் கெரேர்' அவருடைய பட்டப் படிப்பின் இறுதிப் பணியாகத் தொடங்கியது. 'ஃபிளமெங்கா' என்ற 13-ஆம் நூற்றாண்டுக் கதைப்பாடலைத் தழுவியது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்தக் கதை தெற்கு பிரான்ஸின் பழைய மொழியான ஆக்சிட்டனில் எழுதப்பட்டது. அந்தப் பெயருக்கும் ஃபிளமெங்கோ இசைக்கும் சம்பந்தமில்லை.

அதன் முதல் பாட்டான 'மாலமென்தே'வை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கிட்டாரைத் தேடாதீர்கள். பால்மாஸ் எலெக்ட்ரானிக் தாளமாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். நடுநடுவே கலைஞரை உசுப்பும் கூச்சல்கள் வரும். ஃபிளமெங்கோ மேடையில் "ஓலே!" என்று எழும் அந்த உற்சாகக் குரல்களுக்கு 'ஹலேயோ' என்று பெயர். குரலில் ஒரு சொல்லுக்குள் நாலைந்து ஸ்வரம் சுழன்று இறங்கும். 2022-ல் வந்த 'மோட்டோமாமி' தொகுப்பில் 'புலேரியாஸ்' என்று ஒரு பாட்டே உண்டு. நீங்கள் தட்டிப் பழகிய பன்னிரண்டு அங்கே இருக்கிறது.

அவர் ஹிதானோ மக்களின் பேச்சுவழக்கையும் அடையாளங்களையும் எடுத்துக்கொண்டு புகழ் பெறுகிறார் என்று ஹிதானோ செயற்பாட்டாளர்கள் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த வலியை நான் மதிக்கிறேன். யார் பாடலாம் என்று கேட்டால் விடை எளிது: பாகோவும் ஹிதானோ இல்லை, ஃபிளமெங்கோ ஒருபோதும் ஒரே இனத்துக்குள் அடைபட்டிருந்ததில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த குடும்பங்களின் பெயர் உலக மேடையில் கேட்கவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது. ரொசாலியாவைக் கேட்பவர் அடுத்து ஹெரெஸ் நகரத்துப் பெரிய குரல் லா பாகேராவையும் செவில் நகரத்து நீஞா தெ லோஸ் பெய்னெஸையும் தேடிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

## ஆறு கார்டுகள்

காதுக்குத் தெரியாமல் ஓடுகிற உறவும் ஒன்று உண்டு. கனடாவின் கவிஞரும் பாடகருமான லியனார்ட் கோஹன், 2011-ல் ஸ்பெயினில் ஒரு விருது வாங்கியபோது தன் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். மான்ட்ரியாலில் அவருடைய தாயாரின் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஓர் இளைஞர் ஃபிளமெங்கோ கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்தவர். கற்றுத்தரச் சொல்லிக் கோஹன் கேட்டார். மூன்று நாள் பாடம் நடந்தது. ஆறு கார்டுகள் கற்றுக்கொண்டார். நான்காம் நாள் ஆசிரியர் வரவில்லை. தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டபோது, அவர் தற்கொலை செய்துகொண்டதாகச் சொன்னார்கள். அந்த ஆறு கார்டுகள்தான் தன் எல்லாப் பாட்டுக்கும் அடித்தளம் என்றார் கோஹன். அந்த இளைஞரைப் பற்றி வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கோஹனின் மனம் கவர்ந்த கவிஞர் லோர்கா. தன் மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்தார். லோர்காவின் வால்ட்ஸ் (மூன்று எண்ணிக்கையில் சுழலும் நடனம்) கவிதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'டேக் திஸ் வால்ட்ஸ்' என்ற பாட்டாக்கினார். 1936-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞரின் வரிகள் அப்படிப் பாப் இசைக்குள் வந்தன.

1996-ல் கிரனாதாவின் ஃபிளமெங்கோ பாடகர் என்ரிகே மொரெந்தே, 'லகர்த்திஹா நிக்' என்ற ராக் குழுவோடு சேர்ந்து 'ஒமேகா' என்ற இசைத்தொகுப்பைக் கொடுத்தார். டிரம்ஸ் இடிக்கும், மின்சார கிட்டார்கள் அலறும், பால்மாஸ் அவற்றோடு மோதும். லோர்காவின் கவிதைகளும் கோஹனின் பாட்டுகளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோஹனின் அந்த வால்ட்ஸும் அதில் இருக்கிறது. மெட்டு கோஹனுடையது, சொற்கள் லோர்கா எழுதிய அதே ஸ்பானியத்தில், அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் உடையும் குரலில்.